முற்றத்தில் ஒரு தொலைநோக்கி: வன்னியில் வானம் பார்க்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வளவில் தொலைநோக்கியை வெளியே எடுத்து வைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் படலையடியில் யாராவது வந்து நிற்பார்கள். சிலர் பார்க்க வருவார்கள், சிலர் கேட்க வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. நான் வானியல் படித்தவன் கிடையாது. நீர்ப்பம்பு திருத்துவது தொழில். பத்து வருடத்துக்கு மேலாகப் பார்த்ததையும், காசைக் கொடுத்துப் பட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

இது எத்தனை மைலுக்குத் தெரியும்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். தூரம் பார்க்கத் தொலைநோக்கியே தேவையில்லை. தை மாதம், நிலவில்லாத நாளில், இருட்டின கையோடு வடமேற்கே பாருங்கள். புகை போல மங்கலாக ஒரு திட்டு தெரியும். அந்திரொமேடா விண்மீன் மண்டலம் அது. 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவு, வெறும் கண்ணுக்கே.

தொலைநோக்கி செய்வது ஒளியை அள்ளுகிற வேலை. மழைக்கு முற்றத்தில் பாத்திரம் வைக்கிறோமே, அது மாதிரி. தேத்தண்ணிக் கோப்பையிலும் மழை விழும், கிடாரத்திலும் விழும். இருட்டில் எங்கள் கண்மணி அதிகம் போனால் 7 மில்லிமீற்றர் விரியும். தொலைநோக்கிக்குள் இருக்கிற 130 மில்லிமீற்றர் ஆடி, அதாவது ஒளியைச் சேர்க்கிற வளைந்த கண்ணாடி, அதைவிட ஏறத்தாழ 345 மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஆகவே யாராவது தொலைநோக்கி விற்க வந்தால் முதலில் வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள்.

பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். நான் வாங்கினேன். 60 மில்லிமீற்றர் வில்லை, பளபளவென்று பெட்டி, பெட்டியில் சனிக்கிரகத்தின் பெரிய படம். வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கருவி தாங்கக்கூடிய உச்சம். 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போனால் உருவம் பெரிதாகும், ஆனால் பாலில் முக்கி எடுத்த மாதிரி மங்கிவிடும்.

மடங்கு கணக்கு எளிது. குழாயின் குவியத் தூரத்தை (ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுக்கிற தூரம்), கண்ணை வைத்துப் பார்க்கிற கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 650 மில்லிமீற்றர் குழாயில் 25 மில்லிமீற்றர் கண்வில்லை போட்டால் 26 மடங்கு, 10 போட்டால் 65. சனியின் வளையம் 30 மடங்கிலேயே தெரியத் தொடங்கும். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்தான்.

அந்தப் பெட்டிக் கருவியில் என்னைக் கொன்றது வில்லைகூட இல்லை, முக்காலி. சந்திரனைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் சந்திரன் ஓடிவிடும். பூமி சுற்றுவதால் 120 மடங்கில் ஒரு கோள் பார்வையின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஆட்டம் அடங்க வேண்டும், கண் வைக்க வேண்டும், பார்க்க வேண்டும். இப்போது அந்த முக்காலியில் அம்மா புடலங்கொடி படர விட்டிருக்கிறார். அதற்கு நல்ல உறுதி.

அப்படியென்றால் முதலில் எதை வாங்குவது?

பைனாகுலர். 10×50 அல்லது 7×50. முதல் எண் மடங்கு, இரண்டாவது வாயின் விட்டம். சாய்மனைக் கதிரையில் மல்லாந்து படுத்து, முழங்கையைக் கதிரைக் கையில் ஊன்றிக்கொண்டு பாருங்கள். ஆறாமீனில் ஆறுக்குப் பதிலாக முப்பது நாற்பது விண்மீன் தெரியும். வானம் பிடிக்கவில்லை என்றாலும் நட்டமில்லை, வயலில் மயில் விழுந்ததா என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம்.

அடுத்த படி டொப்சோனியன். சான் பிரான்சிஸ்கோவில் தெருவோரத்தில் போகிற வருகிற ஆட்களுக்கு வானம் காட்டிய ஜோன் டொப்சன் (1915–2014) என்பவர் பெயரில் வந்தது. பலகைப் பெட்டியில் குழாயை வைத்துக் கையால் தள்ளித் திருப்புவதுதான் முழுத் தொழில்நுட்பமும். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை. பம்பு திருத்துகிறவன் சொல்கிறேன், பழுதாக ஒன்றுமில்லாத சாமானுக்கு நிகர் இல்லை.

8 அங்குல டொப்சோனியன்தான் எல்லோரும் புகழ்வது. ஆனால் அதன் குழாய் ஒரு மீற்றருக்கு மேல் நீளம். கனடாவிலோ இலண்டனிலோ இருந்து வருகிற மச்சானின் சூட்கேசுக்குள் அது போகாது. எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப்பேருக்கு அந்தச் சூட்கேஸ்தான் கடை. அதனால் நான் சொல்வது மேசையில் வைக்கிற, குழாயை உள்ளே தள்ளி மடக்கக்கூடிய 130 மில்லிமீற்றர் வகையை. ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி அப்படிப்பட்டது, ஆறு கிலோ சொச்சம். என்னிடம் இருப்பதும் அதுதான். உரலைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கிறேன். சந்தையில் எந்த முக்காலியும் உரல் மாதிரி நிற்காது.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்துகிற தாங்கியை ஒருவர் தருகிறார். எடுக்கலாமா?

இலவசமாகத் தந்தாலும் யோசியுங்கள். துருவம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நீங்கள் நிற்கிற அகலாங்கைப் பொறுத்தது. வன்னி ஏறத்தாழ 9 பாகை வடக்கு, ஆகவே துருவமும் அடிவானத்திலிருந்து 9 பாகைதான். கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அது 10 பாகை. அதாவது ஒரு முட்டி உயரம்கூட இல்லை. எங்கள் வளவில் அந்த இடத்தில் இரண்டு பனை நிற்கிறது. அந்தத் தாங்கிகள் ஐரோப்பிய அகலாங்குக்குச் செய்தவை. இவ்வளவு தாழ்த்தினால் பலவற்றில் எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டும்.

வன்னியில் எந்த மாதம் எதைப் பார்க்கலாம்?

ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய மாரி. தொலைநோக்கிக்கு நித்திரை. தை நடுவில் வாடை அடங்கி வானம் கழுவித் துடைத்த மாதிரி வரும்போதுதான் வருடம் தொடங்குகிறது. தலைக்கு மேலே ஒரியன், அதன் தோளில் சிவந்து நிற்பது திருவாதிரை. இடுப்பு மூன்று விண்மீனுக்குக் கீழே கண்ணை வைத்தால் ஒரியன் நெபுலா, 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன் பிறக்கிற இடம். தெற்கே அகத்தியர், முழு வானத்திலும் இரண்டாவது பிரகாசமான விண்மீன். அகத்தியரை விட்டு இன்னும் தெற்கே இறங்கினால் பெரிய மகெல்லன் மேகம் என்கிற சின்ன விண்மீன் மண்டலம். அது 12 பாகைக்கு மேல் ஏறாது, மரம் மட்டை இல்லாத அடிவானம் வேண்டும். இரணைமடுக் குளக்கட்டு அதற்குத் தோதான இடம். குளம் கட்டுக்குத் தெற்கே விரிந்து கிடக்கிறது, கண்ணுக்கு எதிரே தண்ணீர்தான். இரவில் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் தையில் பனி உண்டு. தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். பத்து மணிக்குக் குழாய் நனைந்து சொட்டும். துவாயை நனையாமல் பக்கத்தில் வையுங்கள், வில்லையைத் துடைக்க வேண்டாம், குழாயை மட்டும். மாசி பங்குனியில் காலபோக அறுவடை. இரவிலும் வெட்டு மெசின் லைட்டோடு ஓடும், பிறகு வைக்கோல் எரிக்கிற புகை. அது சோறு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குப் படுத்துவிடுவேன்.

சித்திரை கடைசியும் வைகாசியும் எனக்குப் பிடித்த காலம். வைகாசி முன்பாதியில் இரவு ஒன்பது மணிபோல் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், அடிவானத்திலிருந்து 20 பாகை. அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம். வாலில் வசிட்டரும் அருந்ததியும், தாலி கட்டின கையோடு ஐயர் காட்டச் சொல்கிற அதே அருந்ததி. பகலில் அவர் காட்டுகிற திசையில் நானும் ஒன்றையும் காணவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். இரவில் பைனாகுலரில் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். சிலுவையையும் சப்தரிஷியையும் ஒரே முற்றத்தில் நின்று பார்ப்பது இலண்டனில் இருப்பவர்களுக்கு வாய்க்காது. அவர்களுக்குச் சிலுவை எழும்புவதே இல்லை.

சிலுவைக்கு இடதுபுறம் இரண்டு வெளிச்சமான விண்மீன். தள்ளி நிற்பது அல்பா செந்தோரி, 4.3 ஒளியாண்டு, வெறும் கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களில் சூரியனுக்கு அடுத்தபடியாகக் கிட்ட உள்ளது. 65 மடங்கில் அது இரண்டாகப் பிளந்து தெரியும். அதற்கும் மேலே ஓமேகா செந்தோரி. வெறும் கண்ணுக்கு மங்கல் விண்மீன் ஒன்று. பைனாகுலரில் பஞ்சுப் பொட்டு. 130இல் 65 மடங்கு போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் விளிம்பு உதிரத் தொடங்கும். பச்சரிசி மாவை அரிதட்டால் கறுப்புத் துணியில் தட்டின மாதிரி, ஓரத்தில் தனித்தனிப் பொடி, நடுவில் பிரிக்க முடியாத வெள்ளை. ஒரு கோடி விண்மீன் அளவில் இருக்கும் என்கிறார்கள், 17,000 ஒளியாண்டுக்கு அப்பால். மூச்சு கண்வில்லையில் பட்டு மறைத்தது, துடைக்க மனமில்லாமல் அப்படியே காத்திருந்து பார்த்தேன்.

வற்றாப்பளைப் பொங்கல் கிட்ட வரும்போது நிலவும் வளர்ந்துவிடும். அந்தக் கிழமை கருவியை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போவதுதான் முறை.

சோளகக் காற்று பெயர்ந்தால் புழுதி. ஆடி ஆவணியில் காற்று விழுந்த இரவுகள் கிடைத்தால் விடாதீர்கள். விருச்சிகம், கேட்டை, அதற்குப் பக்கத்தில் பால்வீதியின் நடுப்பகுதி. எங்களுக்கு அது 52 பாகை உயரத்தில், இலண்டனில் 10 பாகைகூட இல்லை. கோள்களும் இங்கே தலைக்கு மேலேதான் போகும். அதில் ஒரு தொல்லை, டொப்சோனியன் நேர் உச்சியில் திரும்ப மறுக்கும். வியாழன் உச்சிக்கு ஏறும்வரை காத்திராமல் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முழு நிலவன்று வரலாமா?

வாருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம். நிலவைப் பார்க்க வேண்டுமென்றால் எட்டாம் பிறையளவில் வாருங்கள். வெயில் சாய்ந்து விழுகிற கோட்டில்தான் பள்ளங்களுக்கு நிழல் இருக்கும்.

வெளிச்சத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரு போன் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். ரோச் வாயில் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். விண்மீன் அட்டவணைக்கு ஸ்டெலேரியம் என்கிற இலவசச் செயலி போதும், அதிலும் சிவப்புத் திரை உண்டு.

ஏ9 வீதிக் கரையில் இருப்பவர்கள் எல்ஈடி விளக்குகளைப் பற்றி முறையிடுவார்கள். நியாயம்தான். ஆனால் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எனக்குத் தெருவிளக்கைத் திட்ட வாய் வராது. 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது கிளிநொச்சியில் தங்கையின் மொட்டைமாடியில் இருந்தே பால்வீதி பார்த்தேன். வீட்டுக்குள் பிள்ளைகள் வியர்வையில் அழுதுகொண்டிருந்தன. அதைக் கொண்டாட முடியுமா?

இரவில் வெளியே நிற்கப் பயமில்லையா?

பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். யானை வருகிற காலத்தில் வீட்டுச் சுவரில் இருந்து பதினைந்து அடிக்கு மேல் போக மாட்டேன். நாய் ஒரு திசையைப் பார்த்துக் குரைத்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே. விரியனுக்காக முழங்கால் சப்பாத்து. நுளம்புத் திரியைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள், புகை குழாய்க்கு முன்னால் போனால் சனி தண்ணீருக்குள் நெளிவது போலத் தெரியும். நல்ல இருட்டு என்று தெரியாத காணிக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இன்னும் எல்லா இடத்திலும் எடுபடவில்லை.

அயலுக்கும் கிராம சேவகருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருட்டில் சரிந்து நிற்கிற குழாய் எங்கள் ஊரில் வேறு எதையோ ஞாபகப்படுத்தும். ஒருமுறை வழியில் மறித்து மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ரோச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தவர், குழிவாடியில் தன் கண்ணே பூதமாகப் பெருத்துத் தெரிய, ஒரு அடி பின்னால் போனார். பிறகு மற்றவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். போகச் சொல்லக் கால் மணித்தியாலம் ஆயிற்று. பச்சை லேசர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாரியில் கருவியை எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். முதல் மாரி கழிந்து தையில் மூடியைத் திறந்தேன். ஆடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். குறி பார்க்கிற தேடுகுழாய்க்குள் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. கூட்டை உடைத்தால் உள்ளே காய்ந்துபோன சின்னச் சின்னப் புழுக்கள், வரிசையாக.

ஆடியைக் கழுவினேன். துணியால் துடைக்கக் கூடாது, அதன் மேலே பூசியிருக்கிற அலுமினியப் படலம் ஒரு தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. கழற்றுமுன் ஆடித் தாங்கியிலும் குழாயிலும் பேனையால் அடையாளம் போட்டேன். பேசினுக்குள் துவாயை விரித்து, அதன்மேல் ஆடியை வைத்து, முதலில் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியைப் போக்கினேன். பிறகு பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரே ஒரு துளி. பஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அதன் பாரத்திலேயே ஆடிமேல் இழுத்தேன், அழுத்தவில்லை. ஒவ்வொரு இழுவைக்கும் புதுப் பஞ்சு. கடைசி அலம்பலைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் கேத்தலில் படிகிற வெள்ளைப் படிவு ஆடியிலும் படியும். அதற்குக் கராஜில் விற்கிற பற்றரித் தண்ணீர்தான், வடித்த தண்ணீர் அது. போத்தலை இரண்டு தரம் வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே அசிட் போத்தலும் இருக்கும். சரித்து வைத்துக் காயவிட்டேன். பூஞ்சணம் போய்விட்டது, அது அரித்த கோடு மூன்று இன்னும் இருக்கிறது. பார்வையில் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த மாரிக்கு வறுத்த அரிசியைத் துணியில் கட்டி உள்ளே வைத்தேன். எறும்பு வந்தது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம், ஆனால் சமையல் சட்டியில் சூடாக்க வேண்டாம், நீல மணிகளில் கோபால்ட் இருக்கிறது. மழை விட்ட நாளில் பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலம் வெயில் படாமல் காற்றாட விடுங்கள்.

கழற்றிப் பூட்டினால் ஆடியை நேர்ப்படுத்த வேண்டும். பம்புக்கும் மோட்டாருக்கும் அச்சு நேர்ப்படுத்துகிற மாதிரிதான். மூன்று திருகு, பொறுமை.

வானத்தில் மெதுவாக நகர்கிற வெளிச்சம் என்ன?

மின்னாமல் ஒரே சீராகப் போனால் செய்மதி. மிகவும் பிரகாசமாக, சில நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருக்கலாம். மாலை போட்ட விரதக்காரர் மாதிரி வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் என்கிற இணையச் செய்மதிகள்.

எங்கள் அம்மாவுக்கு இந்தப் பதில் போதாது. நகர்கிற வெளிச்சத்தைக் கண்டால் இப்போதும் கதையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். வண்டுச் சத்தம் வருகிறதா என்று. போர்க்காலத்து ஆளில்லா வேவு விமானத்தை வண்டு என்றுதான் சொல்வோம். அந்தக் காலத்தில் வானத்தை நாங்கள் காதால்தான் பார்த்தோம். விண்வெளி நிலையம் வருகிற நேரத்தைச் செயலியில் பார்த்து முன்பே சொல்லிவைத்தால் வந்து நிற்கிறார். சொன்ன நிமிடத்துக்கு, சொன்ன திசையில், சத்தமில்லாமல் வருகிற ஒன்றை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

சூரியனைப் பார்க்கலாமா?

குழாயின் முன்வாயை முழுக்க மூடுகிற சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும். கண்வில்லையில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், எக்ஸ்ரே படமும் கரி பிடித்த கண்ணாடியும் கண்ணைக் காக்காது. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று பத்து வருடத்துக்குள் இரண்டு வளையக் கிரகணம் வன்னிக்கு மேலால் போனது. இரண்டாவதுக்கு நான் கருவியே எடுக்கவில்லை. முருங்கைக்குக் கீழே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மணலில் நூற்றுக்கணக்கில் வளையல் கொட்டின மாதிரி.

கருவி இல்லாமல் இன்னொன்றும் பார்க்கலாம். சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி, மதியம் 12.10 அளவில், சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். உலக்கையை நிமிர்த்தி வைத்தால் நிழல் இருக்காது. ஆவணி நடுவில் திரும்பவும் ஒருமுறை வரும்.

போனில் படம் எடுக்கலாமா?

நிலவு நன்றாக வரும். கோள்கள் வெள்ளைப் பொட்டாக வரும். பால்வீதிக்குப் போனைக் கல்லில் சாய்த்து இரவு முறையில் விட்டுவிடுங்கள். முதல் வருடம் படம் எடுத்தே நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

சாத்திரம் பார்ப்பீர்களா?

இல்லை. ஆனால் உங்கள் நட்சத்திரத்தைக் காட்டுவேன், சனமும் அதற்குத்தான் அதிகம் வருகிறது. ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, திருவோணக்காரர்கள் மகிழ்ச்சியாகப் போவார்கள், பளிச்சென்று இருக்கும். ஆயிலியக்காரருக்கு மங்கலான நாலைந்து புள்ளியைக் காட்டிச் சமாளிக்க வேண்டும்.

பக்கத்து வளவு அம்மம்மாவுக்குப் பூசம். மாசியில் ஓர் இரவு வந்து கேட்டார். வெறும் கண்ணுக்கு அங்கே எச்சில் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல்தான். "இவ்வளவுதானா தம்பி" என்றார். சாய்மனைக் கதிரையில் இருத்திப் பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். பூசத்துக்குள் இருப்பது தேன்கூட்டுக் கொத்து, பைனாகுலரில் பத்துப் பத்தாகச் சிதறும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எண்ணத் தொடங்கினார். முப்பதைத் தாண்டினதும் கை நடுங்கி எண்ணிக்கை குழம்ப, திரும்பவும் ஒன்றில் இருந்து.